மேற்கு எல்லையில் இருந்தவர்கள்

1

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆறு உண்டு என்று இந்த நாட்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். வெள்ளைக்காரரை விடுங்கள். சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்து, இங்கே மரக்கறிக்கடை வைத்திருக்கும் ஒருவரே, "என்னக்கா, யாழ்ப்பாணத்திலை ஆறோ? அது வெள்ளவாய்க்காலாக்கும்" என்று சிரித்தார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். முருங்கைக்காய் வேறெங்கும் கிடைக்காது என்பதால் அங்கே போகிறேன்.

ஆறு இருக்கிறது. பெயர் வழுக்கையாறு. வலிகாமத்து வயல்களுக்குள்ளால் வந்து அராலிப் பக்கம் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் மூன்று மாதம், நல்ல மழையென்றால் நான்கு. மிச்சக் காலத்தில் அதற்குள் மாடு மேயும், பெடியங்கள் தடி நட்டுக் கிரிக்கெட் விளையாடுவார்கள். அதன் கிழக்குக் கரையில் இருக்கிறது எங்கள் நொச்சியோடை. நாற்பது வீடு வராது. கடிதத்துக்குக்கூடப் பக்கத்து ஊரின் பெயரைத்தான் போட வேண்டும்.

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது கிராமசபையில் மூன்று பேருக்கு முன்னால் என்னை இருத்தினார்கள். இந்த ஊரின் ஆறு எந்த மலையில் பிறக்கிறது, ஊர் எப்படித் தோன்றியது, முதற்குடிகள் யார் என்று கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். முதலில் வந்தவர்கள் இரண்டு ஓடக்காரக் குடும்பங்கள். அவர்களுடைய பெயர் தேவாலயச் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். கடைசியில் அவர்களில் வயதானவர், "உங்கள் ஊரிலும் ஆறு உண்டா?" என்று கேட்டார். "உண்டு. கார்த்திகையில் வரும்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஆறு ஓடும், வராது என்று அவர் அன்பாகத் திருத்தினார். எங்களுடையது வரும் என்றேன். மூவரும் சிரித்தார்கள். நான் சித்தியடைந்தேன்.

இந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் போடுவதில்லை. அதற்குப் பதிலாகப் பூர்வீக ஊர் என்று ஒரு வரி இருக்கும். எங்களைப் போல் வந்தவர்களுக்குக் குடியுரிமை தந்த கிராமத்தின் பெயரை அதில் போட்டுவிடுவார்கள். ஆகவே சட்டப்படி என் பூர்வீகம், ஓடக்காரர் இரண்டு பேர் தொடங்கிய இந்தச் சுவிஸ் கிராமம். என் மகள் ஆரணிக்கும் அதுதான், அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அதுதான். முதல்முறை அதைப் பார்த்தபோது நானும் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவருடைய பூர்வீகத்தை மேசையில் இருந்து ஒரு வரியில் எழுதிவிட முடிகிறதே என்று அப்போது வேடிக்கையாக இருந்தது. நானும் அதையே ஒருமுறை செய்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

2

போன புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. காலையில் தமிழ் வகுப்பு எடுத்துவிட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். இலங்கை இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது.

"சாந்தியோ?"

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"தவமணி. ஆத்தங்கட்டுத் தவமணி."

பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவள். அவள் குரலைக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல். இடையில் இரண்டு தரம் ஊருக்குப் போயும் நான் அவளைத் தேடிப் போகவில்லை. அவள் வீடு ஆற்றங்கட்டில், அதாவது வெள்ளம் வயலுக்குள் ஏறாமல் கரையோரமாகப் போட்டிருக்கும் மண் அணையில். அங்கே இருக்கும் ஒன்பது வீடும் அவளுடைய சொந்தக்காரர்கள்தான். என் சுகம் கேட்டாள், மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டாள், இங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டாள். பிறகு அதே குரலில் கேட்டாள்.

"உங்கடை சங்கத்தாலை ஒரு மலர் அடிச்சனீங்கள் எல்லே. அதிலை ஊரைப்பற்றி எழுதினது நீயெண்டு சொல்லுகினம். நீயோ?"

"ஓம், நான்தான்."

"அப்ப சரி. ஆளைப் பிடிச்சிட்டன்."

விஷயம் இதுதான். ஆற்றங்கட்டை உயர்த்தி, அகலமாக்கி, மேலே ஒரு பாதையும் போடப்போகிறார்கள். நல்ல வேலை, ஊருக்குத் தேவையான வேலை. ஆனால் ஒன்பது வீட்டின் சுவரிலும் சிவப்புப் பெயின்ற்றில் இலக்கம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆதியில் இருந்தே அங்கே இருக்கிற குடும்பங்கள் என்றால் கட்டை அவர்களுக்கு வெளியே ஆற்றுப்பக்கமாக விலத்திப் போடலாமாம். பிந்தி வந்து ஆற்று ஒதுக்குநிலத்தில் குந்தியவர்கள் என்றால் எழும்ப வேண்டுமாம். இவர்களிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. பங்கீட்டு மட்டை, வாக்காளர் பதிவுத் துண்டு என்று இருந்ததெல்லாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்குமாக அலைந்ததில் போய்விட்டது. ஊரைப்பற்றி அச்சில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரணைக்கு வந்த அதிகாரி தேடியிருக்கிறார். வாசிகசாலையில் ஒன்றே ஒன்று இருந்திருக்கிறது. எங்கள் மலர்.

"வாசிக்கிறன் கேள்" என்றாள் தவமணி. பள்ளிக்கூடத்திலும் அவள்தான் நன்றாக வாசிப்பாள். "'காலப்போக்கில் ஆற்றோரத்திலும் சில குடும்பங்கள் வந்து குடியேறின.' இது நீ எழுதினதுதானே?"

நான் ஓம் என்றேன்.

"அந்த ஐயா நல்ல மனிசன். எங்களோடை கோவிக்கேல்லை. 'உங்கடை ஊர் ஆக்களே இப்பிடி எழுதி வைச்சிருக்கினம், நான் என்னத்தைச் செய்யிறது' எண்டார். அடுத்த விசாரணை ஐப்பசிக் கடைசியிலை. நீ எழுதினதை நீதான் மாத்தி எழுதித் தரோணும். வேறை ஆர் எழுதினாலும் எடுபடாது."

"மன்னிச்சுக்கொள் தவமணி."

"அது கிடக்கட்டும். ஏன் அப்பிடி எழுதினனீ? உனக்குத் தெரியாதே?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் அடுப்பைக் குறைத்தேன். எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் கடைசியில் சொன்னேன். "ஒன்பது வீடு, சாந்தி" என்றுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

3

அந்தக் கட்டுரையின் தலைப்பு "நொச்சியோடை: அமைவிடமும் தோற்றமும்". எங்கள் ஊர்ச் சங்கம் இருபத்தைந்தாவது ஆண்டு கொண்டாடியபோது, பளபளப்பான தாளில், பாதிக்குமேல் விளம்பரத்தோடு வந்த மலர். சங்கத் தலைவர் என் கணவரின் அண்ணை. எனக்கு அத்தான் முறை. சனிக்கிழமைத் தமிழ் ரீச்சர் என்பதால் ஊர் வரலாறு என் தலையில் விழுந்தது.

ஊரைப்பற்றி எழுத எங்கே போவது? தேசப்படத்தில் ஊர் இல்லை. புத்தகத்தில் இல்லை. அப்போதுதான் பெட்டிக்குள் இருந்த சீதன உறுதி நினைவுக்கு வந்தது. என் அப்பாவின் பாட்டனார் நொச்சியோடையில் வாங்கிய பெரிய காணி அது. ஒரு காலத்தில் ஊரின் பெரும்பகுதி அந்த ஒரே காணிதான். பிறகு பிள்ளைகளுக்கென்று பிரிந்து பிரிந்து, ஒரு துண்டு என் சீதனமாயிற்று. முழுக் காணியின் எல்லையும் என் உறுதியின் முன்பகுதியில் இருந்தது. நொத்தாரிஸ்மார் பழைய உறுதியைப் பார்த்துப் புதியதை எழுதும்போது எல்லைகளை மாற்ற மாட்டார்கள். செத்து மண்ணாய்ப் போனவர்களெல்லாம் உறுதியில் கிழக்கும் மேற்குமாக நின்றுகொண்டே இருப்பார்கள்.

எல்லைகளைப் பார்த்து எழுதினேன். கிழக்கு, ஒழுங்கை. வடக்கு, ஆறுமுகம் அவர்கள் காணி. தெற்கு, கோயில் நிலம். மேற்கு என்று இருந்த இடத்தில் இப்படி இருந்தது: ஆறும், ஆற்றங்கட்டில் வேலன் குடியிருக்கும் வளவும்.

வேலனின் பெயருக்குப் பின்னால் மட்டும் 'அவர்கள்' இல்லை. ஏனென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கையெழுத்துப் பிரதியை அத்தானுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "வேலன் எண்டெல்லாம் மலரிலை போட்டால் நல்லாயிராது பிள்ளை. ஆறு எண்டு மட்டும் போடும்" என்றார். போட்டேன். மேற்கே ஆறு. வாசிக்க அழகாகவும் இருந்தது.

இதுவரைக்கும் அத்தானின் தலையில் போடலாம். அந்த மற்ற வரியைப் போட முடியாது. தோற்றம் என்ற பகுதியில், எம் முன்னோர் பற்றை வெட்டி வயலாக்கி ஊரை உருவாக்கினர் என்று நீட்டி எழுதிக்கொண்டு போய், பந்தியை முடிக்க ஒரு வசனம் தேவைப்பட்டது. காலப்போக்கில் ஆற்றோரத்திலும் சில குடும்பங்கள் வந்து குடியேறின. யாரும் எழுதச் சொல்லவில்லை. பக்கத்தில் உறுதி விரிந்து கிடக்க, அதற்குள் வேலன் குடியிருக்க, நானே எழுதினேன்.

4

உனக்குத் தெரியாதே என்று தவமணி கேட்டாள். எனக்கு உறுதி இல்லாமலே தெரியும். நொச்சியோடையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே தெரியும்.

ஆற்றங்கட்டில் ஒரு பூவரசு நிற்கிறது. கீழே வைரவர் சூலம், அதற்குக் கீழே ஆற்றுக்குள் இறங்க நாலு கற்படி. கார்த்திகையில் தண்ணீர் வந்து மேற்படியைத் தொட்டால், "ஆறு வந்திட்டுது" என்று ஆற்றங்கட்டில் இருந்து ஆள் வந்து வீடு வீடாகச் சொல்லும். அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் வைரவருக்குப் பொங்கல். அன்று முதற்பானை கட்டு வீட்டாருடையது. அந்தப் பானை பொங்கி வழியுமட்டும் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. காணியும் கமமும் வைத்திருந்த எங்கள் வீட்டிலும் கூடாது. கட்டு வீட்டாரை வாசலுக்கு இங்கால் விடாத வீடுகளிலும் கூடாது. அம்மா அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, "பொங்கிட்டுதோ எண்டு ஓடிப் பார்த்துக்கொண்டு வா" என்று என்னைத் துரத்துவார். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். தவமணி பானைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நான் வருவதைக் கண்டால் வேண்டுமென்றே விறகைப் பின்னுக்கு இழுப்பாள்.

ஏன் அவர்களுக்கு முதற்பானை என்று பிள்ளைகள் கேட்டால் அது வழமை என்பார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் கதைக்கும்போது சொல்வது வேறு. பக்கத்து ஊர் மேல்வயல்காரர் வெள்ளத்தை மறிக்க ஆற்றோரம் மண் கட்டுப் போட்டார்கள். போட்ட கட்டை மழைக்காலம் முழுவதும் பார்த்துக்கொள்ள ஒருவனைக் குடியிருத்தினார்கள். அவன்தான் வேலன். அப்போது சுற்றவர ஒரு வீடு இல்லை. கட்டு இரண்டு மூன்று மாரிக்கு உடையாமல் நின்றதைக் கண்ட பிறகுதான் என் அப்பாவின் பாட்டனார் போன்றவர்கள் துணிந்து காணி வாங்கினார்கள். ஊரின் தோற்றம் அவ்வளவுதான். பற்றை வெட்டிய வீரம் எல்லாம் நான் சேர்த்தது.

அந்தக் கட்டு வேலையை நான் கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஒரு மாரியில் பின்னேரம்போலக் கட்டு உடைந்தது. தவமணியின் அப்பா நெஞ்சளவு தண்ணீரில் நின்று, தென்னோலையும் வைக்கோலும் களிமண்ணுமாக வாங்கி வாங்கி உடைப்பை அடைத்தார். என் அப்பா குடையோடு கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம் அங்காலை" என்று சொல்லிக்கொண்டு நின்றார். எங்கள் நெல்லு தப்பியது. இதையும் மலரில் எழுதியிருக்கலாம். இடம் போதாமல் இல்லை, அத்தானின் வாழ்த்துரையே மூன்று பக்கம்.

5

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் அண்ணைக்குப் பயந்தவர்.

"எழுதத்தான் வேணும். அதுக்கு முதல் சங்கத்திலை ஒருக்காக் கதைச்சிட்டு எழுதினால் நல்லது" என்றார்.

"சங்கத்திலை கதைச்சு முடியிறதுக்குள்ளை கட்டுப் போட்டு முடிஞ்சிடும்."

"அண்ணை கோவிப்பார்."

"அவருக்குக் கோபம்தானே வரும். அங்கை வீடெல்லே போகப்போகுது."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கித் தந்தார். அவரால் முடிந்தது அது. குறைத்துச் சொல்லக் கூடாது.

உறுதியைப் பிரித்து மேசையில் வைத்தேன். ஆரணி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயது. கிராமசபை அலுவலகத்தில் தொழில் பழகுகிறாள், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில். வீட்டில் தமிழ் கதைப்பாள், பாதியில் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். நொச்சியோடையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "உங்கடை ஊர்" என்றுதான் கேட்பாள். ஆத்திரம் வந்தாலும் அதில் பிழை இல்லை. அவள் இரண்டு தரம் போயிருக்கிறாள், இரண்டு தரமும் ஆடி மாதம். இரண்டு தரமும் ஆற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். நான் புல்லைக் காட்டினேன்.

நடந்ததைச் சொன்னேன். மலரின் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதி, பழையதை ஒருவரும் பார்க்காமல் செய்ய வழி உண்டா என்று யோசிக்கிறேன் என்றேன்.

"அழிக்கக் கூடாது அம்மா" என்றாள். "எங்கடை ஒஃபீஸிலை பதிவிலை பிழை விட்டால் அழிக்க விடமாட்டினம். பிழையானதுக்கு மேலை ஒரு கோடு. அது வாசிக்கத் தெரியோணும். பக்கத்திலை சரியானதை எழுதிக் கையெழுத்து, திகதி. பிழை விட்ட ஆள்தான் கையெழுத்து வைக்கோணும்."

"ஏன் பழையது தெரியோணும்?"

"ஆர் பிழை விட்டது எண்டு தெரியத்தானே."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தயிர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள்.

வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நான் சலவைப் பகுதி. ஒவ்வொரு சட்டையின் உள்கழுத்திலும் பெயர்த்துண்டு ஒட்டியிருக்கும். ஒருவருடைய காலுறை இன்னொருவருடைய அறைக்குப் போகக் கூடாது என்பதில் நான் மிகக் கண்டிப்பு. சக வேலைக்காரர் என்னைப் பகிடி பண்ணுவார்கள். இருபது வருடத்தில் ஒரு உடுப்பு மாறியதில்லை. ஓர் ஊரின் பெயர்த்துண்டை மட்டும் கழற்றி எங்கள் சட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே முப்பது வருடமாக நான் பிந்தி வந்தவள். பேருந்தில், அலுவலகத்தில், மகளின் பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் எனக்கு முன்னால் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் அன்பாகத்தான் நடத்துவார்கள், ஆனால் நான் பிந்தி வந்தவள் என்பதை மறக்க மாட்டார்கள். உலகத்தில் ஒரே ஓர் இடத்திலாவது எங்களுக்கு முன்னால் யாரும் இருக்கவில்லை என்று எழுத ஆசைப்பட்டேன். எழுதியபோது சந்தோஷமாகவும் இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

6

மலரின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தேன். மேற்கே ஆறு என்பதற்குப் பக்கத்தில் விட்டதை எழுதினேன். மற்ற வரிக்கு மேல் ஒரு கோடு, பக்கத்தில், "இது பிழை. ஆற்றங்கட்டில் குடியிருந்த வேலனின் குடும்பமே இவ்வூரின் முதற்குடி. மற்றவர்கள் பின்னர் வந்தோம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வந்தோம் என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. முதற்பானையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். உறுதியின் பிரதியையும் சேர்த்தேன். வெளிநாட்டில் இருந்து போகும் கடிதம் என்றால் தூதரகத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று தவமணி சொல்லியிருந்தாள். ஒருநாள் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

தூதரகச் சாளரத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண். கொழும்புத் தமிழ். கடவுச்சீட்டைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தாள்.

"நீங்க அந்த ஊர்ல பிறந்தவங்கன்னு எழுதியிருக்கீங்க மிஸ். இதுல பூர்வீகம்னு இங்கத்த ஊர்தானே போட்டிருக்கு?"

விளக்கினேன். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அதில் பதிவாளர் பிரிவின் பெயர் இருந்தது, நொச்சியோடை இல்லை. அவள் பேனையைக் கீழே வைத்தாள். ஊரே எனது என்று எழுதியவள், அந்த ஊரில் பிறந்ததற்கு ஒரு கடதாசி இல்லாமல் நின்றேன். பின்னால் வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"வேற ஏதாவது இருக்கா?"

உறுதியின் மூலத்தைக் கொடுத்தேன். என் பெயரையும் அப்பாவின் பெயரையும் விரலால் தேடிப் பிடித்துவிட்டு, காணி எங்கே என்று பார்க்க எல்லைகளை வாய்விட்டு வாசித்தாள். பழைய எழுத்து என்பதால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "மேற்கு... ஆறும்... ஆற்றங்கட்டில்... வேலன்... குடியிருக்கும் வளவும்." வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. முழு வசனமும் என் காதில் சத்தமாக விழுந்தது அதுதான் முதல்முறை.

"சரி, லெட்டர்ல இருக்கிறதும் இதேதான். இது போதும்" என்று முத்திரையை எடுத்தாள். நான் அந்த ஊர்க்காரி என்பதற்கும் கடைசியில் வேலன்தான் எல்லையில் நின்று சாட்சி சொன்னான்.

அத்தானுக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். வேறு யாரும் சொல்லிக் கேள்விப்படுவது மரியாதை இல்லை.

"ஆறின கஞ்சியை இப்ப ஏன் பிள்ளை கிண்டுறீர்? நாலு சனம் வாசிச்சால் எங்களை என்னெண்டு நினைக்கும்?"

"பிந்தி வந்த ஆக்கள் எண்டு நினைக்கும் அத்தான். அது உண்மைதானே."

அவர் வைத்துவிட்டார். அடுத்த மலரில் திருத்தம் போடச் சங்கம் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கும் வேறொருவரைப் பார்த்துவிட்டார்கள், எனக்கு ஓய்வு தேவையாம். பிள்ளைகளை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது. சங்கம் போடாத திருத்தத்தைத்தான், அங்கே நாட்டில் இருக்கும் நீங்கள் வாசிக்க வேண்டும் என்று இதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

விசாரணையில் கடிதத்தை வாசித்த அதிகாரி உறுதியின் பிரதியை இரண்டு தரம் பார்த்தாராம். பிறகு தவமணியிடம், "அம்மா, வேலன் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாராம். "அப்புவின்ரை அப்பு" என்றாளாம், பாட்டனின் பாட்டன். வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று கிழமை கழித்து அளவைக்காரர் வந்து கல் நட்டார்கள். ஒன்பது வீட்டுக்கும் வெளியே, ஆற்றுப்பக்கமாக. சுவரில் இருந்த சிவப்பு இலக்கத்தின் மேல் சுண்ணாம்பு பூசியாயிற்று என்று படம் அனுப்பினாள். சந்தோஷம் என்று எழுதினேன். பதில் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை, அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். இங்கே மேலே எழுதியிருப்பதை அவளுக்கு அப்படியே அனுப்பினேன். நான் பிந்தி வந்தவள் என்ற அந்தப் பந்தியை.

இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது. "ஆறு வந்திட்டுது. வெள்ளிக்கிழமை பொங்கல்."

அங்கே மத்தியானம் பன்னிரண்டு என்றால் இங்கே காலை ஏழரை. இந்த நாட்டுக்கு வந்தபிறகும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பொங்கலைச் செய்துதான் இருக்கிறேன். என் வசதிக்கு ஒரு நேரத்தில், வேலைக்குப் போகுமுன் அவசரமாக. முதற்பானையை நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. இந்த முறை இல்லத்தில் சொல்லிவிட்டு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போகும்படி ஒழுங்கு பண்ணினேன். அரிசியும் பயறும் களைந்து, பானையை அடுப்பில் வைத்துவிட்டு, அடுப்பைப் போடாமல் மேசையில் இருந்தேன். எதிரே தொலைபேசி.

ஆரணி வேலைக்கு வெளிக்கிட்டு வந்தாள். கோப்பி போட அடுப்படிக்குப் போனவளை மறித்தேன்.

"அடுப்பைத் தொடாதை. கொஞ்சம் பொறு."

"ஏன், பழுதோ?"

அதற்குள் தொலைபேசி அடித்தது, வீடியோ அழைப்பு. படத்தில் முதலில் புகைதான் தெரிந்தது. பிறகு பூவரசு, படியைத் தொட்டுக்கொண்டு கலங்கிய தண்ணீர், மூன்று கல்லுக்கு மேலே பானை. தவமணி தலை நரைத்து, பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நுரை விளிம்புக்கு ஏறிக்கொண்டு வந்தது. அவள் என்னைத் தொலைபேசியில் ஒருதரம் பார்த்தாள். பிறகு, வேண்டுமென்றே, விறகைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். நுரை இறங்கியது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது.

"பசிக்குதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"இரு. அவசரப்படாதை."

இங்கே நாங்கள் மூன்று நிமிடம் காத்திருந்தோமோ ஐந்து நிமிடம் காத்திருந்தோமோ தெரியாது. ஆரணி சப்பாத்தோடு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. பின்னால் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"பொங்கிட்டுது" என்றாள் தவமணி. "இனி நீ மூட்டு."

தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பினேன்.

"அவையின்ரை பானை பொங்குமட்டும் நீங்கள் ஏன் பொறுத்தனீங்கள்?" என்று ஆரணி கேட்டாள்.

"அவை எங்களுக்கு முதலே வந்த ஆக்கள்."

அவள் அடுப்புக்கு வழி விட்டு விலகி நின்றாள்.

"அப்ப பொறுக்கத்தானே வேணும்" என்றாள்.

நான் அடுப்பைப் போட்டேன்.